மஞ்சள் குடைக்கு அரை நட்சத்திரம்

புதன்கிழமை.
டொலீடோவில் பனி பாதி தண்ணீராகிக் கிடக்கிறது.
லோர்னா பெட்ராக்கிஸ் விளக்கைப் போடுமுன்பே
அட்டைப்பெட்டியின் வயிற்றைக் கீறிவிட்டாள்.
எனக்கு முன்னால் வரிசையில் நிற்கிறது
புது மை வாசனை.

பகலில் பல்செட் வார்க்கும் கூடத்தில் வேலை எனக்கு.
ஆகவே முதலில் தாடையைத்தான் பார்ப்பேன்.
'கேப்டன் ஆலங்கட்டி', நூற்றுப் பதினான்காம் இதழ்:
அவன் அலறும் பக்கத்தில்
மேல்வரிசையில் மட்டும் இருபத்திரண்டு பற்கள்.
இரண்டு தடவை எண்ணினேன்.

'ஏழாம் அலை', முதல் இதழ்;
நான்காவது முறையாக முதல் இதழ்.
பத்து வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்ட ஆறு பேர்
மொட்டைமாடியில் நின்றுகொண்டு
தாங்கள் யாரென்று ஒருவருக்கொருவர் விளக்குகிறார்கள்.
வண்ணம் தீட்டிய கைக்கு மட்டும் ஒரு நட்சத்திரம்.
அந்த வானம்
ஆறிப்போன காபியின் ஆடை.

'ரப்பர் ராணி' படித்து பஸ்ஸில் சத்தமாகச் சிரித்தேன்.
பக்கத்து சீட்டுப் பெண் எழுந்து போய்விட்டாள்.
நான்கு நட்சத்திரம், மேலே சொல்ல ஒன்றுமில்லை.

கேப்டனுக்கே திரும்புகிறேன்.
இந்த இதழில் அவன் சாகிறான்.
இதுவும் நான்காவது முறைதான்.
தபால்காரர் கெஸ்லர் கையில் கறுப்புத் துணி கட்டி வந்து
"ஏப்ரலுக்குள் எழுந்துவிடுவான், ஐந்து டாலர் பந்தயம்" என்கிறார்.
எதிர்ப்பந்தயம் கட்ட ஆளில்லை.
வெள்ளித்தாள் அட்டைக்கு இரண்டு டாலர் கூடுதல்.
ஆளுக்கு இரண்டு வாங்குகிறார்கள்:
ஒன்று படிக்க,
ஒன்று பிளாஸ்டிக் உறைக்குள் தூங்க.

நான் சொல்ல வந்தது வேறு.
பத்தொன்பதாம் பக்கம், கீழ்மூலை.

அந்த ஆளுக்குப் பெயர் கிடையாது, வசனம் கிடையாது.
தொண்ணூற்று எட்டில் முதலில் பார்த்தேன்:
பஸ் நிறுத்தம், பருத்த உடம்பு,
மழையில்லாத நாளில் மஞ்சள் குடை.
நூற்று மூன்றில் பாலம் இடிகிறது.
கூட்டத்தோடு ஓடுகிறான், ஒரு கால் ஷூ இல்லாமல்.
நூற்று ஏழில் ரொட்டிக்கடை வாசல்,
இரண்டு காலிலும் பளபளவென்று புது ஷூ.
கதாசிரியர் சொல்லியிருக்க மாட்டார்.
படம் வரையும் ஒத்தீலியா ப்ராங்க்
யாரையும் கேட்காமல்
அவனுக்கு ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

இப்போது பத்தொன்பதாம் பக்கம்.
முக்கால் பக்கத்துக்குக் கேப்டன் சாகிறான்,
மேலங்கி தோரணம்போல் பறக்கிறது.
கீழே, இடிந்த சுவருக்கு வெளியே
குடை கிடக்கிறது.
மூடியிருக்கிறது.
அடுத்த பக்கம் விளம்பரம்.

கேப்டனை எழுப்ப ஆயிரம் பேர் இருக்கிறார்கள்:
டி-ஷர்ட் விற்பவன், பொம்மை செய்பவன்,
கெஸ்லரின் ஐந்து டாலர்.
குடைக்காரனுக்காக
எந்த ஏப்ரல் வரும்?

முந்நூறு வார்த்தை எழுதி அனுப்பினேன்.
பத்திரிகையிலிருந்து ப்ரூவிட் கூப்பிட்டார்.
"நூற்றிருபதுதான் இடம்.
வாங்கலாமா வேண்டாமா, அதைச் சொல்.
குடையைப் பற்றி யார் கேட்டார்கள்?"
அச்சில் வந்தது:
கதை தொய்வு. பற்கள் அதிகம். இரண்டரை நட்சத்திரம்.

அடுத்த புதன், லோர்னா கேட்டாள்:
"இரண்டு சரி. அந்த அரை எதற்கு?"
சொன்னேன்.
பதில் பேசாமல் சில்லறை எண்ணினாள்.
கூட்டம் ஓய்ந்ததும்
பழைய இதழ்கள் பதினாறையும் உறையிலிருந்து உருவி
கல்லாமேல் பரப்பினாள்.
உறைகளின் ஒட்டுநாடா ஸ்வெட்டர் கையெல்லாம்.

கெஸ்லர் தபால் பையைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்தார்.
"நூற்றுப் பத்தைப் பார்.
கோட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பது என்ன?"

பூனை.
சாம்பல் நிறம், ஒரு காது மடங்கியது.
பல்லை எண்ணத் தெரிந்த எனக்குப்
பூனை கண்ணில் படவில்லை.

"பத்தொன்பதில் அது எங்கே?" என்றாள் லோர்னா.

பூதக்கண்ணாடி ஒன்று, தலை மூன்று.
போன் அடித்துக்கொண்டே இருக்கிறது.
இடிபாட்டில் ஒவ்வொரு செங்கல்லாய்
விலக்கிக்கொண்டிருக்கிறோம்.